கே. எஸ். கிருஷ்ணனும் ஒரு நண்பகல் வழக்கமும்

பழைய மாணவர் கூட்டங்களுக்கு நம் காலனியிற் குறைவே இல்லை. திருச்சியிற் படித்தோர் ஒரு ஞாயிறு, மதுரையிற் படித்தோர் ஒரு ஞாயிறு, சென்னையிற் படித்தோர் மற்றொரு ஞாயிறு என்று கூடுகிறோம். நம் கல்லூரியிற் பயின்றோருள் யார் மந்திரியானார், யார் நீதிபதியானார், யார் அயல்நாட்டிற் பேராசிரியரானார் என்னும் பட்டியல் வாசிக்கப்படுகிறது. கை தட்டுகிறோம். கேசரியும் வடையும் உண்டபின் வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். கல்லூரியின் மரபுகளைப் புதுப்பித்தல் வேண்டும் என்றொரு தீர்மானமும் ஆண்டு தவறாமல் நிறைவேறுகிறது. எந்த மரபை என்று எவரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் இதுவரை கேட்டதில்லை.

இவ்வாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாறு எழுதித் தருமாறு செயலாளர் பணித்தபோது, நம்மிற் பலர் நாள்தோறும் பேருந்திற் கடந்து செல்லும் ஒரு சாலையின் பெயர்ப்பலகை நினைவுக்கு வந்தது. புது டில்லி பூசாப் பகுதியில், தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தின் முன் ஓடும் அச்சாலைக்கு டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். யாரோ அரசியல் தலைவர் போலும் என்று நம் வீட்டுப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர் நம்மவர், நம்மைப்போல் ஊரைவிட்டு வந்து வடக்கே வாழ்ந்தவர். ஒரு கல்லூரி வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் ஆவார்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், மேற்குத்தொடர்ச்சி மலையடியிலுள்ள வத்திராயிருப்பிற் பிறந்தார். இன்று அவ்வூர் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தந்தையார் உழவர், அதனோடு தமிழும் வடமொழியும் கற்றவர். வயலும் ஏடும் ஒருங்கே இருந்த அவ்வில்லத்திலிருந்து சிறுவர் கிருஷ்ணன் உள்ளூர்ப் பள்ளிக்கும், பின்னர் ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்கும் சென்று பயின்றார். அங்கே தமக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியரை, உலகப் புகழ் எய்திய பிற்காலத்திலும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. பாடத்தை நெஞ்சில் இறங்கும்படி சொல்லிக்கொடுத்த ஓர் ஊர்ப்புற ஆசிரியரிடம் ஒரு விஞ்ஞானியின் கதை தொடங்குவது நமக்கு உவப்பான செய்தி.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்துக்கொண்டு அவர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அந்நாளில் அக்கல்லூரி பட்டணத்தின் நடுவே, ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்குப் பெயர்ந்தது 1937-இலேதான். பௌதிகத்திற் பட்டம் பெற்ற கிருஷ்ணனுக்கு அதே கல்லூரியில் இரசாயனப் பகுதியில் செய்முறை விளக்குநர் வேலை கிடைத்தது. குடுவைகளை எடுத்து வைத்து, மாணவர் செய்யும் சோதனைகளை மேற்பார்வையிட்டுத் திருத்தும் வேலை அது. வகுப்பில் நின்று சொற்பொழிவாற்றும் உரிமை அப்பதவிக்கு இல்லை.

நாம் சொல்ல வந்த வழக்கம் இங்கேதான் பிறந்தது. நண்பகலில் உணவுக்கு விடும் இடைவேளையில் கிருஷ்ணன் மாணவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு பேசலானார். பௌதிகமோ கணிதமோ இரசாயனமோ, யார் எதைக் கேட்பினும் அதுவே அன்றைய பொருள். பாடத்திட்டம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, தேர்வும் கிடையாது. இச்செய்தி பரவவே, பிற கல்லூரி மாணவர்களும் அவ்வேளைக்குத் தேடி வரத் தொடங்கினார்கள். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று இருக்கலாம். கேட்க வந்தவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வயதே. நிர்வாகக் குழு கூடித் தீர்மானித்து உண்டான மரபு அன்று இது; ஓர் இளைஞரின் சாப்பாட்டு நேரத்திலிருந்து உண்டானது. இத்தனைக்கும், கல்லூரிப் பெருமை பேசும் மேடைகளில் அவர் பெற்ற பட்டங்கள் வாசிக்கப்படுகின்றனவேயன்றி, இந்த நண்பகல் வேளையைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லி நாம் கேட்டதில்லை.

1920-இல் அவர் அந்த வேலையை விட்டுவிட்டுக் கல்கத்தா சென்றார். ஆயிரம் மைலுக்கு அப்பால், மொழி தெரியாத நகரம். ஆயினும் அங்கே பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் பேராசிரியர் சி. வி. இராமன் இருந்தார். அவரிடம் பயின்று, 1923-இல் பௌபஜார்த் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சித் துணைவராகச் சேர்ந்தார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்காள மருத்துவர் 1876-இல் நிறுவிய கழகம் அது. பணவசதி குறைவு; கருவிகள் எளியவை; உழைப்புக்கோ அளவில்லை.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு நிகழ்ந்ததை உலகம் அறியும். அதில் கிருஷ்ணன் பங்கு எவ்வளவு என்பதை அறிந்தோர் குறைவு. ஆகையால் சற்று விரித்துச் சொல்கிறோம். அதற்கு முந்திய சில காலம் அவர் ஏட்டுக் கணக்குகளில் ஆழ்ந்திருந்தார். அவ்வாறு கோட்பாட்டிலேயே நெடுநாள் தங்குதல் நன்றன்று என்று கருதிய இராமன், அவரைச் சோதனைக்கு இழுத்துவந்தார். சூரியவொளியைத் திரட்டி ஊதா நிறக் கண்ணாடி வழியே செலுத்தித் தூய்மையாக்கிய திரவத்தின்மேல் விழச் செய்வார்கள். திரவம் சிதறும் ஒளியை, ஊதா புக இயலாத வேறொரு நிறக் கண்ணாடி வழியே நோக்குவார்கள். சிதறிய ஒளி நிறம் மாறாதிருப்பின் கண்ணுக்கு ஒன்றும் தெரியலாகாது. ஆனால் மங்கலாய் ஒரு சுவடு தெரிந்தது! ஏறத்தாழ அறுபது திரவங்களை இவ்வாறு சோதித்தார்கள், எல்லாவற்றிலும் தெரிந்தது. இதையொத்த மங்கற் சுவட்டை அதே கூடத்தில் கே. ஆர். இராமநாதனும் வெங்கடேசுவரனும் முன்னரே கண்டிருந்தனர் எனினும், அதன் உட்பொருள் இப்போதே வெளிப்பட்டது. இச்செய்தியைக் கூறும் முதற் குறிப்பு இராமன், கிருஷ்ணன் என்னும் இருவர் பெயராலும் நேச்சர் இதழில் அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் வெளிவந்தது. அந்த நாட்களில் கூடத்தில் நடந்தவற்றைக் கிருஷ்ணன் ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்தார். இராமன் விளைவின் பிறப்பைப் பற்றி ஆராய்வோர் இன்றும் அதைத்தான் நாடுகிறார்கள்.

1930-இல் நோபெல் பரிசு வந்தது. இராமன் ஒருவருக்கே வந்தது. அக்கூடத்தை ஆக்கியவரும், நெடுங்காலம் அவ்வினாவைத் துரத்திவந்தவரும் இராமனே, அதில் ஐயமில்லை. எனினும் மாணவர் பெயரும் உடன் நின்றிருக்கலாகாதா என்னும் ஏக்கம் நம் போன்றோர்க்கு உண்டு. கிருஷ்ணனுக்கு இருந்ததா என்பதை அறிய வழியில்லை. தமக்குரிய பங்கைக் கேட்டு அவர் வழக்காடியதாக யாரும் சொல்வதில்லை. ஆசிரியரைப் பற்றி மதிப்போடு பேசியவர் என்றே சொல்கிறார்கள். பரிசு அறிவிக்கப்படும் முன்னரே, 1928-இன் இறுதியில், அவர் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ரீடராகப் போய்விட்டார். அங்கே பௌதிகப் பேராசிரியராய் இருந்தவர் சத்தியேந்திரநாத போஸ்.

டாக்காவில் அவர் ஒளியை விட்டுக் காந்தத்தைப் பற்றினார். படிகம் ஒன்றின் காந்தத் தன்மை எல்லாத் திசையிலும் ஒருபடியாய் இராது. அவ்வேறுபாட்டை அளப்பதற்குக் கிருஷ்ணனும் மாணவர்களும் கண்ட முறையை எண்ணுந்தோறும் வியக்கிறோம். மயிரினும் மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிடுவார்கள். இழையின் மேல்நுனியை மெல்லத் திருகிக்கொண்டே போவார்கள். காந்தம் படிகத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஓர் எல்லையைக் கடந்ததும் அது சட்டென்று புரண்டுவிடும். எத்தனை பாகை திருகியபின் புரண்டது என்பதிலிருந்து காந்த வேறுபாட்டைக் கணக்கிடலாம். அதிலிருந்து படிகத்தின் உள்ளே மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதையும் சொல்லிவிடலாம். இழை, படிகம், காந்தம், பொறுமை ஆகிய இவையே வேண்டிய பொருள்கள். குஹா, பானர்ஜி என்னும் மாணவர்களோடு அவர் எழுதிய ஆய்வு 1933-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1940-இல் அச்சபையே அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

இதற்கிடையே 1933-இல் அவர் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாவுக்குத் திரும்பியிருந்தார். 1942-இல் அலகாபாத்துக்குச் சென்றார். அங்கே அவத் பிகாரி பாட்டியா என்னும் இளைஞரோடு சேர்ந்து, உருகிய உலோகங்கள் மின்சாரத்தை எதிர்க்கும் தன்மைக்கு ஒரு விளக்கம் கண்டு 1945-இல் வெளியிட்டார். அக்காலத்தில் அதைக் கவனித்தார் அரியர். பதினாறாண்டுக்குப்பின், 1961-இல், ஜான் சைமன் என்னும் பௌதிகர் ஒத்த கருத்தை விரிவாக எழுதியபோதுதான் முன்னதன் அருமை புலப்பட்டது.

அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலைப்பில் நிற்கும் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் பார்த்தோம். குஹா, பானர்ஜி, கங்குலி, பாட்டியா, ஜெயின். வங்காளத்து மாணவர், இந்துஸ்தானத்து மாணவர்; பெரும்பாலானவை ஓர் இளைஞரின் பெயரோடு அவர் பெயர் சேர்ந்தவை. சென்னையில் நண்பகலில் கூடிய வட்டம் ஊருக்கு ஊர் அவரோடு பெயர்ந்து வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. தாம் ஆசிரியரோடு இணைந்து எழுதிய குறிப்பின் கதையை மறவாதவர், தம் மாணவரின் பெயரை விடாமல் எழுதினார் என்று கொள்வதில் தவறுண்டோ?

பட்டங்களை விரைந்து சொல்லிவிடுகிறோம். 1946-இல் சர் பட்டம், 1954-இல் பத்மபூஷண், 1958-இல் பட்நாகர் நினைவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அது அவருக்கே. 1948-இல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகியோருடன் அவரும் உறுப்பினரானார்.

டில்லிக்கு அவரை அழைத்து வந்தது தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம். 1947 ஜனவரி 4-ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1950 ஜனவரி 21-இல் சர்தார் பட்டேல் அதைத் திறந்து வைத்தார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். நாட்டின் அளவைகளுக்கெல்லாம் தாய்வீடு அது. கடைத்தெருவில் நாம் வாங்கும் ஒரு கிலோ அரிசிக்கும், சுவரில் ஓடும் கடிகாரத்துக்கும் இறுதிச் சான்று அங்கேதான். 1962-ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் நம் விரலில் இடும் அழியாத மையின் செய்முறையும் அக்கூடத்தில் உருவானதே. இத்துணைப் பெரிய நிறுவனத்தை நடத்துகிறவருக்குக் கோப்புகளைப் பார்க்கவே பொழுது போதாது என்று நினைப்போம். அவரோ, வெற்றிடத்தில் மின்சாரம் பாய்ந்து காயும் மெல்லிய கம்பியில் வெப்பம் எவ்விடத்தில் எவ்வளவு இருக்கும் என்று ஜெயினுடன் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

தமிழையும் அவர் வடக்கே தொலைத்துவிடவில்லை. தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்த உள்ளம் அவருடையது. விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழிலே எழுதினார். நாற்பதாண்டுக்கு மேல் வெளியூர்களில் வாழ்ந்தவர் அணுவையும் ஒளியையும் தாய்மொழியில் எழுத முடிந்தது. நம் பிள்ளைகளோ இரண்டாம் வகுப்பிலேயே தமிழ் எழுத்தை மறக்கிறார்கள். இதைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. நம் வீட்டிலும் அதுதான் நிலை.

1961 ஜூனில் அவர் டில்லியிற் காலமானார். வயது அறுபத்திரண்டு.

நம் சங்கத்துப் படிப்பகத்திலும் ஒருகாலத்தில் ஞாயிறு நண்பகலில் கல்லூரிப் பிள்ளைகள் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் கணக்குச் சந்தேகங்களைத் தீர்த்துவந்தார்கள். அதனாற் பயனடைந்த பிள்ளைகள் பெரியவர்களாகி வெளியூர் சென்றார்கள். அடுத்து அமர ஆளில்லை. அறைச் சாவி அப்போது நம்மிடம் இருந்தது. ஓரிரு ஞாயிறு யாரும் வராதது கண்டு பூட்டிவிட்டு வந்தோம். பின்னர்த் திறக்கவில்லை. அங்கே இப்போது விழா மேடைப் பலகைகளும் பழைய தோரணங்களும் கிடக்கின்றன.

செயலாளரிடம் சாவியைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். பலகைகளை மாடிப்படியின் கீழே அடுக்கிவிட இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆண்டுவிழா முடிந்த அடுத்த ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணிக்கு அறை திறந்திருக்கும். கல்லூரியிற் படிக்கும் பிள்ளைகளும், படித்து முடித்தோரும், கேள்வி உடைய சிறுவர்களும் சிறுமிகளும் வரலாம். சாப்பாட்டுப் பாத்திரத்தையும் கையோடு எடுத்து வரலாம்.