தாய்மதம் நாடிய தர்மபாலர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கொழும்பிலே வசதி படைத்த பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பெயர் தாங்கியே பள்ளி சென்றனர். ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் கையிலிருந்தது. உத்தியோகத்திற்கோ ஆங்கிலம் இன்றியமையாததாயிற்று. தளபாட வணிகர் தொன் கரோலிஸ் ஹேவாவிதாரணவுக்கும் மல்லிகா அம்மையாருக்கும் 1864 செப்டெம்பர் 17ஆம் நாள் பிறந்த மைந்தனும் தொன் டேவிட் எனப் பெயர் பெற்றான். அவனே பின்னாளில் அநகாரிக தர்மபாலர் என உலகறிய நின்றவன்.

வீட்டிலே பஞ்சசீலம், பள்ளியிலே விவிலியம். கொட்டாஞ்சேனைப் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியிலும், கோட்டே விடுதிப் பள்ளியிலும், பின்னர் முகத்துவாரத்திலிருந்த புனித தோமையார் கல்லூரியிலும் அவன் பயின்றான். விவிலியத்தின் பல பகுதிகள் அவனுக்கு மனப்பாடம். ஆயினும் முன்னோர் நெறி இகழப்படுவதைக் கேட்டுக் கேட்டு அவ்விளநெஞ்சு புண்பட்டது. வெசாக் நாளில் விடுமுறை மறுக்கப்படவே பள்ளியை விட்டு வெளியேறினான். பிரம்படியே அதற்குக் கிடைத்த பரிசு.

புண்பட்ட நெஞ்சுக்கு மருந்தும் கொட்டாஞ்சேனையிலேயே இருந்தது. 1873இல் பாணந்துறை வாதத்திலே வென்றவரெனப் பௌத்தர் போற்றிய மிகெட்டுவத்தே குணாநந்த தேரர் அங்குள்ள விகாரையில் வாழ்ந்தார். 1880இல் ஒல்கொட், பிளாவட்ஸ்கி ஆகியோரும் இலங்கை வந்து பஞ்சசீலம் ஏற்றனர். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலே பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலகம் மூண்டது. தந்தை மகனைக் கல்லூரியினின்றும் நிறுத்திவிட்டார்.

தொன் டேவிட் என்ற பெயர் உதிர்ந்தது, தர்மபாலர் தோன்றினார். 1891இல் புத்தகயையைக் கண்டு உளமுருகியவர், அவ்வாண்டே கொழும்பில் மகாபோதி சபையை நிறுவினார். 1893இல் சிக்காகோ சர்வமத மகாசபையிலே விவேகானந்தரோடு ஒரே மேடையில் நின்றார். 1933 ஏப்ரல் 29ஆம் நாள், துறவியாகச் சாரநாத்திலே கண்மூடினார்.

இத்துணைப் பெருமையுடையவரிடத்தும் ஒரு குறையுண்டு. இளமையிலே இகழ்ச்சியின் கொடுமையை உணர்ந்தவரே, பிற்காலத்தில் முஸ்லிம்களையும் தமிழரையும் பற்றிக் கடுஞ்சொல் எழுதினார். அச்சொற்கள் இந்நாட்டிலே நெடுநிழல் வீழ்த்தின. தன் முன்னோர் நெறிக்குத் திரும்புதல் ஒருவனது உரிமை. அயலானுக்கும் அத்தகைய நெறியொன்று உண்டென உணர்தல் அவனது கடமை. முன்னதிலே தர்மபாலர் வென்றார். பின்னதை அவர் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் நிறைவேற்றுதல் வேண்டும்.