டாக்டர் இராதாகிருஷ்ணனும் அவர்தம் தலைப்பாகையும்

தொண்டை நாட்டின் வடவெல்லையில், 365 படிகளையுடைய முருகன் குன்றின் அடியில் விளங்குவது திருத்தணி. அதன் வீதிகளில் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும். அவ்வூர் வட ஆர்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த காலத்தில், 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், தெலுங்கு அந்தணக் குடும்பமொன்றிற் பிறந்தார் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். தந்தையார் வீராசாமி, ஜமீன் ஒன்றில் வருவாய்த் துறையிற் சிறு உத்தியோகம் வகித்தவர், அன்னையார் சீதம்மா. குடும்பத்தின் வரும்படி குறைவு. ஆதலின் உபகாரச் சம்பளமே அவர் கல்விக்குத் துணையாயிற்று.

அவரை நினைப்பவர் மனக்கண்முன் முதலில் தோன்றுவது அவர் அணிந்த வெள்ளைத் தலைப்பாகை. அக்காலத்தில் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் கற்றோரும் உத்தியோகஸ்தரும் தலைப்பாகையின்றிச் சபை புகார். பல முழ நீளமுள்ள மெல்லிய துணியைக் கொசுவி, நெற்றிக்குமேல் மடிப்பு மடிப்பாகச் சுற்றி, முனையைச் செருகுவது அதன் முறை. அதனை அலங்கரிக்கும் தொழில் தனியே வளர்ந்திருந்தது. வெள்ளிக் கம்பியை மயிரிழைபோல் இழுத்துத் தட்டையாக்கி, நூலின்மேற் சுற்றிப் பொன்முலாம் ஏற்றிய சரிகையைக் கரையில் வைப்பர். செல்வர் முன்மடிப்பில் மணியழுத்திய பதக்கம் செருகுவர். அரசர் இறகுக் குஞ்சத்தோடு கூடிய கல்கித்துராய் அணிவர். தலைப்பாகையில் ஏறும் ஒவ்வோர் அணியும், அதனை அணிந்தவர் இன்னார் என்பதைப் பிறர்க்கு உரைத்தது.

இந்த அணியின் பொருட்டுக் குருதி சிந்திய ஊர் ஒன்று திருத்தணிக்கு அணித்தேயுள்ளது. 1805-ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைப் படையின் சேனாதிபதி ஸர் ஜான் கிரடாக் காலத்தில், சிப்பாய்கள் தொப்பியை ஒத்த புதிய தலைப்பாகையை அணிதல் வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. அதில் தோலினாற் செய்த சின்னமொன்று பொருத்தப்பட்டிருந்தது. நெற்றிக்குறி இடலாகாது என்ற விதியும் உடன் வந்தது. தம் சமயத்தைக் கெடுக்கவே இவை ஏற்பட்டன என்று இந்துக்களும் முகமதியரும் ஒருங்கே ஐயுற்றனர். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையிற் கலகம் மூண்டது. அன்றே அது அடக்கப்பட்டதெனினும், இருதிறத்திலும் மாண்டோர் பலர். பின்னர் உத்தரவு நீக்கப்பட்டது. கவர்னர் பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். ஒருவன் தலையில் அவன் விரும்பாத அணியைப் பிறர் பொருத்துவதன் விளைவை அந்நாள் காட்டிற்று.

அந்நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய நூறாண்டு கழித்து, அதே வேலூரில், ஊரிஸ் கலாசாலையில் மாணாக்கராய் அமர்ந்தார் இராதாகிருஷ்ணன். அதற்கு முன் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிற் பயின்றிருந்தார். பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை சேர்ந்தார். உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவ நூல்களைக் கொடுக்கவே, செலவில்லாத அப்பாடத்தையே அவர் மேற்கொண்டார் என்பர். ஆங்குள்ள ஆசிரியர் இந்து தத்துவத்தின்மேற் கூறிய கண்டனங்கள் அவர் உள்ளத்தைத் தைத்தன. அவர் சினந்து விலகினாரல்லர். தம் முன்னோர் நூல்களை ஆழ்ந்து ஆராயப் புகுந்தார். வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி 1908-இல் நூலாயிற்று. ஆசிரியர் ஹாக் அதனைப் பாராட்டினார்.

1909-இல் சென்னை இராஜதானிக் கலாசாலையிலும், 1918-இல் மைசூரிலும், 1921-இல் கல்கத்தாவிலும் ஆசிரியராயினார். மைசூரை விட்டு நீங்குங்கால், மாணாக்கர் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, மலர் சூட்டிய வண்டியைத் தாமே புகைவண்டி நிலையம்வரை இழுத்துச் சென்றனர். 1926-இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் கூடிய தத்துவ மகாநாட்டிற் பேசினார். 1936 முதல் 1952 வரை ஆக்ஸ்போர்டில் கீழ்நாட்டுச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்கும் உரிய பேராசிரியராய் விளங்கினார். தொப்பி அணிவோர் நடுவே அவர் தலையில் இருந்தது திருத்தணிப் பக்கத்துத் தலைப்பாகையே. மணியில்லை, இறகில்லை. அந்நாட்டார் அதனை வேடிக்கையாகக் கருதவில்லை. அதன்கீழ் இருந்த அறிவை மதித்து அதனையும் மதித்தனர்.

1931-இல் ஆங்கில அரசாங்கம் அவருக்கு ஸர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் அவர் அப்பட்டத்தை வழங்குதலை ஒழித்து, கல்வியால் வந்த டாக்டர் என்பதனையே போதுமெனக் கொண்டார். தலைப்பாகைக்கு அணி வேண்டாதவர், பெயருக்கும் அணி வேண்டிலர். 1949-இல் மாஸ்கோவிற்குத் தூதராய்ச் சென்றபோதும், 1952-இல் உபராஷ்டிரபதியாகவும் 1962-இல் ராஷ்டிரபதியாகவும் அமர்ந்தபோதும், வெண்மையான நீண்ட சட்டையும் வேட்டியும் தலைப்பாகையுமே அவர் கோலம். தம் பிறந்த நாளைக் கொண்டாட விழைந்தவரிடம், அதனை ஆசிரியர் தினமாகப் போற்றுமாறு வேண்டினார். 1962 முதல் அவ்வழக்கம் நிலைபெற்றது.

இதற்கிடையே அவர் பிறந்த ஊர் பல கை மாறிற்று. 1911-இல் சித்தூர் ஜில்லாவிலும், 1953-இல் ஆந்திர நாட்டிலும் சேர்ந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை மாறினும் இருமொழியாரும் அவரைத் தம்மவர் என்றே உரிமை கொண்டாடினர். 1975 ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! கலாசாலையை விட்டு நீங்கும் நாளில் உங்களைத் தேடிப் பட்டமும் பதவியும் வரும். பிறர் கட்டாயத்தாற் பொருத்தும் அணியை ஏற்க மறுத்தவரை வேலூர்க் கோட்டை கண்டது. தாமே விரும்பினும் பெறத்தக்க அணிகளை வேண்டாது விடுத்தவரைத் திருத்தணி ஈன்றது. உங்கள் தலைமேல் எதனை ஏற்பது, எதனை விடுப்பது என்று துணியுங்காற் பின்னவரை நினைவிற் கொள்வீராக.