தந்தை தீட்டிய ஓவியம்

பிறருக்காகத் தீட்டிய படங்களால் செல்வமும் புகழும் பெற்றார் ஓர் ஓவியர். தம் மனமகிழ்ச்சிக்காகத் தீட்டிய படங்கள் சிலவற்றையோ முடிக்காமலே விட்டுவிட்டார். ஆயினும் அவருடைய உள்ளத்தைக் காண விரும்புவோர் அந்த முடியாத படங்களின் முன்னேதான் நிற்க வேண்டும். அவர்தாம் ஆங்கில நாட்டு ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ.

1727-ஆம் ஆண்டு, சஃபோக் மாவட்டத்துச் சட்பரி என்னும் ஊரில், கம்பளித் துணி வணிகர் ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார் அவர். பதின்மூன்றாம் வயதில் ஓவியம் பயில இலண்டன் சென்றார். 1746-இல் மார்கரெட் பர் என்னும் மங்கையை மணந்தார். முதற்குழந்தை மேரி 1748-இல் இறந்தது. 1750-இல் பிறந்த பெண்ணுக்கும் மேரி என்றே பெயரிட்டனர். மறு ஆண்டு இளையவள் மார்கரெட் பிறந்தாள்.

கெயின்ஸ்பரோவின் உள்ளம் நாடியவை இயற்கைக் காட்சிகளும் இசையும். குடும்பத்திற்குச் சோறு போட்டதோ செல்வர்களின் உருவப்படத் தொழில். அத்தொழிலை அவர் சலிப்போடுதான் செய்தார். எனினும் அதில் உச்சியை அடைந்தார். 1768-இல் நிறுவப்பெற்ற அரசு கலைக் கழகத்தின் முதல் உறுப்பினர்களுள் ஒருவரானார். 1781-இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜையும் அரசியையும் தீட்டினார்.

அந்தத் தொழிலுக்கு நடுவே, யாரும் கேளாமல், யாரும் காசு கொடாமல், தம் பெண்மக்கள் இருவரையும் அவர் மீண்டும் மீண்டும் தீட்டினார். இப்ஸ்விச் நகரில் வாழ்ந்தபோது, 1756-ஆம் ஆண்டளவில் தீட்டியது ஒரு படம். முட்செடியின்மேல் ஒரு வெண்ணிற வண்ணத்துப்பூச்சி. இளையவள் அதைப் பிடிக்கக் கை நீட்டுகிறாள். மூத்தவள் அவளுடைய மற்றொரு கையைப் பற்றியிருக்கிறாள். முள் குத்துமே என்ற அச்சம் குழந்தைக்கு இல்லை. படம் தீட்டிய தந்தைக்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின் தீட்டிய மற்றொரு படத்தில் சிறுமியர் பூனையோடு இருக்கின்றனர். பூனை வெறுங்கோடாகவே நின்றுவிட்டது. இவ்விரண்டும் இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளன.

பெண்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழவேண்டும் என்று எண்ணி, அவர்களுக்கு ஓவியமும் கற்பித்தார் தந்தை. ஆனால் வாழ்வு அவர் வரைந்த கோட்டில் செல்லவில்லை. 1780-இல் மேரி, ஃபிஷர் என்னும் இசைக்கலைஞரை மணந்தாள். தந்தைக்கு இம்மணத்தில் முழு மனம் இல்லை, ஆயினும் தடுக்கவில்லை. மணவாழ்வு சில திங்களிலேயே முறிந்தது. மேரியை மனநோய் பற்றிக்கொண்டது.

1788-இல் கெயின்ஸ்பரோ மறைந்தார். மணம் செய்துகொள்ளாத மார்கரெட், 1820-இல் தான் இறக்கும்வரை, தமக்கையைப் பேணி வந்தாள். மேரி 1826-இல் மறைந்தாள். படத்தில் தங்கையின் கையைப் பற்றியவள் தமக்கை. வாழ்க்கையிலோ தமக்கையின் கையைத் தங்கையே இறுதிவரை பற்றியிருந்தாள்.

குழந்தைகளுக்கு வரப்போகும் துன்பத்தை எந்தத் தந்தையாலும் தடுத்துவிட முடியாது. அவர்கள் மகிழ்ந்திருந்த ஒரு நொடியைக் காத்துவைக்க இவரால் முடிந்தது. தேர்வுக்கும் பட்டத்திற்கும் ஊதியத்திற்கும் ஓடும் மாணவ நண்பர்களே, யாரும் கேளாமல் அன்பினால் மட்டும் செய்யும் பணி ஒன்று நமக்கும் இருக்கட்டும். அது முற்றுப்பெறாவிட்டாலும் வீண் போகாது.