தன் கணக்கைத் தானே திருத்தியவர்

ஐப்பசி மாதத்தில் தேவிபட்டினம் கடற்கரையில் இடி முழங்கினால், என் பாட்டி காதுகளைப் பொத்திக்கொண்டு அர்ச்சுனனின் பெயரைச் சொல்லி அழைப்பார். இடி காதில் விழும்போது, அதை எழுப்பிய மின்னல் விழ வேண்டிய இடத்தில் விழுந்து முடிந்திருக்கும் என்பதைப் பின்னாளில் பள்ளியில் படித்தேன். அந்த மின்னலுக்கும் முன்னால் மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி வெகுகாலம் கழித்தே எனக்குள் எழுந்தது. அதற்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்ட மனிதர் ஜார்ஜ் கிளார்க் சிம்ப்சன்.

1878-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரில் பிறந்தவர் அவர். மான்செஸ்டரிலும் ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் பயின்றார். காற்றிலுள்ள மின்சாரத்தை அளப்பதற்காக லாப்லாந்தின் கடுங்குளிரில் தங்கியிருந்தார். 1905-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வானிலையியல் விரிவுரையாளரானார். மறு ஆண்டே இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து சிம்லாவுக்கு வந்தார்.

பருவமழைக் காலத்தில் சிம்லா மலையில் பெய்த ஒவ்வொரு மழையின் மின்னூட்டத்தையும் அவர் அளந்தார். நேர்மின்னூட்டம் கொண்ட மழையே மிகுதி என்று கருவி காட்டியது. பெரிய நீர்த்துளிகள் மேலெழும் காற்றில் சிதறும்போது நீர் நேர்மின்னூட்டமும் காற்று எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன என்பதை ஆய்வகத்திலும் கண்டார். இடிமேகத்தின் கீழ்ப்பகுதி நேர்மின்னூட்டம் கொண்டது, அதற்கு மேலே இருப்பது எதிர்மின்னூட்டம் என்ற முடிவுக்கு வந்து, 1909-இல் தமது கோட்பாட்டை வெளியிட்டார்.

1910-இல் ராபர்ட் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்தில் வானிலையாளராகச் சென்றார். பின்னர் இந்தியாவுக்கே திரும்பினார். 1920 முதல் 1938 வரை பிரிட்டிஷ் வானிலைத் துறையின் இயக்குநராக இருந்தார்.

அந்த உயரத்தில் இருந்தபோதுதான் அவருடைய கோட்பாடு ஆட்டங்கண்டது. மேகத்தின் உச்சியே நேர்மின்னூட்டம் கொண்டது என்றார் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சி.டி.ஆர். வில்சன். தென்னாப்பிரிக்காவில் பேசில் ஷான்லாந்து எடுத்த அளவீடுகளும் வில்சன் பக்கமே நின்றன. பதவியின் செல்வாக்கைக் கொண்டு சிம்ப்சன் வாதத்தை நீட்டித்திருக்கலாம். அவரோ, மேகத்தின் உள்ளேயே கருவியை அனுப்பிப் பார்த்துவிட முடிவு செய்தார்.

வேதிப்பொருள் தோய்த்த தாளில் மின்னோட்டத்தின் திசையைக் கறையாகப் பதியும் எளிய கருவியை, ஸ்க்ரேஸ் என்பவருடன் சேர்ந்து பலூன்களில் கட்டி இடிமேகங்களுக்குள் ஏற்றினார். 1937-இல் முடிவு வெளிவந்தது. உச்சியில் நேர்மின்னூட்டம், அதன் கீழே எதிர்மின்னூட்டம். வில்சன் சொன்னது சரி. தம் கோட்பாட்டுக்கு எதிரான அந்த முடிவைச் சிம்ப்சன் தம் பெயரிலேயே வெளியிட்டார்.

ஆனால், பல மேகங்களின் அடிவயிற்றில் சிறியதொரு நேர்மின்னூட்டப் பகுதியும் தென்பட்டது. சிம்லாவின் அளவீடு பொய்யில்லை. அதை மேகம் முழுவதற்கும் விரித்ததே பிழை.

அந்தச் சிறு பகுதிதான் இன்று மின்னலின் தொடக்கத்தை விளக்க உதவுகிறது. மேலேயுள்ள எதிர்மின்னூட்டத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட காற்று முதலில் மின்தடை இழக்கிறது என்றும், அப்போது வெளிப்படும் துடிப்புகளே மின்னலின் முதல் மின்சமிக்ஞைகள் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதன்பின் மின்பாதை படிப்படியாகத் தரையை நோக்கி இறங்குகிறது. தரையைத் தொட்டபின்தான் நம் கண்ணைப் பறிக்கும் ஒளி எழுகிறது. எல்லாம் ஒரு நொடியின் நூறில் சில பங்குகளுக்குள் முடிந்துவிடும்.

அந்த இடைவெளியில் எவரையும் எச்சரிக்க முடியாது. ஆனால், பெரும்பாலும் மேகத்துக்குள்ளேயே மின்னல்கள் தோன்றிச் சில நிமிடங்கள் கழித்துத்தான் முதல் மின்னல் தரைக்கு இறங்குகிறது. அவற்றின் ரேடியோ அலைகளைப் பிடித்துப் புயல்மேகம் நகரும் திசையை அறிய முடியும். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் உணர்விகளும் தாமினி செயலியும் இந்த வழியில்தான் எச்சரிக்கை தருகின்றன.

நாட்டில் ஆண்டுக்கு 2,500-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகின்றனர். ராமநாதபுரம் கரையில் சித்திரையில் பனையேறுபவருக்கும், ஐப்பசியில் வல்லத்தில் செல்பவருக்கும், உப்பளத்தில் நிற்பவருக்கும் ஒதுங்கக் கூரை இல்லை. கரையை விட்டு விலக விலகக் கைப்பேசி ஓய்ந்துவிடுகிறது. எனவே செயலி இருக்கிறது என்பதோடு கடமை முடிந்துவிடாது. படகுத்துறையின் ஒலிபெருக்கியிலும் படகின் வயர்லெஸ்ஸிலும் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும்; கரையோர ஊர்கள்தோறும் இடிதாங்கி பொருத்திய காங்கிரீட் கட்டடம் வேண்டும். சொன்ன எச்சரிக்கை உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததா என்று ஒவ்வோர் ஆண்டும் கணக்குப் பார்த்துத் திருத்தவும் வேண்டும்.

போர்க்காலத்தில் ஓய்விலிருந்து திரும்பி வந்து, 1947 வரை இடிமேகங்களை ஆராய்ந்த சிம்ப்சன், 1965 ஜனவரி முதல் நாளில் மறைந்தார். மேகத்துக்குள் தம் பிழையைத் தேடிச் சென்றவர் அவர். நம் எச்சரிக்கைகளின் பிழையைத் தேட நாம் வல்லம் வரை சென்றாலே போதும்.