சவலைப்பிள்ளைகளின் வைத்தியர்

கை கால் மெலிந்து, வயிறு ஊதி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைக் கண்டால் எங்கள் உம்மம்மா அதைச் சவலைப்பிள்ளை என்பார். மடியில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் இன்னொன்று தங்கிவிட்டால், மடியில் இருப்பது பாலை இழந்து நலிந்துபோகும். அதுதான் சவலை. இந்தச் சொல்லை நம் முதியவர்கள் எந்த வைத்தியக் கல்லூரியிலும் படிக்கவில்லை. பிள்ளை வளர்த்த அனுபவத்திலிருந்து அறிந்துகொண்டார்கள். ஏறக்குறைய இதே பொருள் கொண்ட ஒரு சொல்லை ஆபிரிக்கத் தாய்மாரிடம் கேட்டறிந்து, அதை உலக வைத்திய நூல்களில் ஏற்றிவைத்த ஒரு பெண் வைத்தியர் இருந்தார். அவர்தான் சிசிலி டெல்பின் வில்லியம்ஸ்.

அவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எனது ராத்தா திருமணமாகி கொக்கிளாயில் இருந்தார். மச்சானுக்கு அங்கே மீன், இறால் வியாபாரம். 2022ஆம் ஆண்டில், நாடே பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், ராத்தாவுக்குச் சத்திரசிகிச்சை மூலம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முதல் இரண்டு நாட்கள் பால் சரியாக ஊறவில்லை. அவருக்குப் பால் போதாது என்று யாரோ சொன்னார்கள். உடனே சூப்பிப் போத்தலும் பால்மாவும் வீட்டுக்கு வந்துவிட்டன. வந்து பார்த்த உறவுக்காரர்கள், பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்காத தாய் என்று ராத்தாவின் காதுபடவே பேசினார்கள். அவர் ஏன் கொடுக்கவில்லை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவராகவே சிசிலி வில்லியம்ஸ் வாழ்ந்தார்.

அவர் 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி ஜமைக்காத் தீவில் பிறந்தார். தந்தை அத்தீவின் கல்விப் பணிப்பாளராக இருந்தவர். பதின்மூன்று வயதில் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட சிசிலிக்கு, பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் சமர்வில் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் ஜமைக்காவில் பூமி அதிர்ச்சியாலும் சூறாவளியாலும் குடும்பம் சிரமப்பட்டதால், அந்த இடத்தை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு உதவத் திரும்பிச் சென்றார். 1916இல் தந்தை காலமான பின்னரே மீண்டும் ஒக்ஸ்போர்ட் வந்து வைத்தியம் படிக்கத் தொடங்கினார். அது முதலாம் உலக யுத்த காலம். ஆண் வைத்தியர்கள் போர்முனைக்குப் போயிருந்தார்கள். அதனாலேயே அதுவரை பெண்களுக்கு எளிதில் திறக்காத வைத்தியக் கல்வியின் கதவு கொஞ்சம் திறந்தது. அந்த இடைவெளியால் உள்ளே நுழைந்தவர்களில் சிசிலியும் ஒருவர்.

1923இல் வைத்தியராகத் தேறினார். ஆனால் யுத்தம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்துவிட்டதால் பெண் வைத்தியர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. இலண்டன் வைத்தியசாலைகளில் பணிபுரிந்தபோது, நோயுற்ற குழந்தை வாழும் வீட்டை அறியாமல் குழந்தையைக் குணப்படுத்த முடியாது என்ற எண்ணம் அவர் மனதில் வேரூன்றியது. வெப்பவலய நோய்களையும் கற்றுக்கொண்டு, 1929இல் இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட் நாட்டுக்கு அரச வைத்தியராகச் சென்றார். அங்கே அவரது பதவியின் பெயர் பெண் வைத்திய அதிகாரி. ஆண்களைப் போலவே வேலை செய்தும் சம்பளம் அவர்களை விடக் குறைவாகவே கிடைத்தது.

அங்கே ஒரு விசித்திரமான நோயை அவர் கண்டார். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் கை கால் வீங்கி, வயிறு பெருத்து, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி வைத்தியசாலைக்கு வந்தார்கள். பலர் இறந்தார்கள். மற்ற வைத்தியர்கள் இதனைப் பெலாக்ரா என்ற வேறொரு நோய் என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார்கள். சிசிலிக்கு அது திருப்தியளிக்கவில்லை. இறந்த பிள்ளைகளின் உடல்களைத் தாமே பரிசோதித்தார். அத்துடன் நிற்காமல் தாய்மாரிடமும் தாதியரிடமும் விசாரித்தார்.

அவர்கள் சொன்ன சொல்தான் குவாஷியோர்கோர். அது அந்தப் பிரதேசத்தின் கா மொழிச் சொல். அடுத்த குழந்தை பிறந்ததும், தன் இடத்தை இழந்த முன்னைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். உம்மம்மாவின் சவலை என்ற சொல்லுக்கு எவ்வளவு நெருக்கம்! நோயின் காரணம் அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. தாய்ப்பாலை நிறுத்தியதும் பிள்ளைக்குச் சோளக்கூழ் மட்டுமே கொடுக்கப்பட்டது. வயிறு நிறைந்தது. ஆனால் வளர்ச்சிக்குத் தேவையான புரதம் கிடைக்கவில்லை. இதனை அவர் 1933இல் ஒரு வைத்திய சஞ்சிகையில் எழுதினார். 1935இல் லான்செட் சஞ்சிகையில் எழுதியபோது, தாய்மார் சொன்ன அந்தப் பெயரையே நோய்க்குச் சூட்டினார். அப்போது பெரிய வைத்தியர்கள் அவரை மறுத்தார்கள். இன்று நாம் உயிரியல் பாடத்தில் அந்தப் பெயரைப் படிக்கிறோம்.

1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூரில் பணிபுரிந்தார். சீனரும் மலாயரும் தமிழரும் கலந்து வாழ்ந்த அந்த நகரத்தில் சின்னஞ்சிறு குழந்தைகள் பெருந்தொகையாக இறந்துகொண்டிருந்தன. ஆபிரிக்காவில் தாய்ப்பால் நின்ற பிறகு நோய் வந்தது. இங்கோ தாய்ப்பால் தொடங்கி நிலைக்கும் முன்பே நிறுத்தப்பட்டது. காரணத்தைத் தேடிய அவர், ஏழைகள் வாழும் தொடர்மாடி அறைகளுக்குள் தாதியரைப் போல வெள்ளை உடுத்திய பெண்கள் போய் வருவதை அறிந்தார். அவர்கள் தாதியர் அல்லர். பால் கம்பனிகள் சம்பளம் கொடுத்து அனுப்பிய விற்பனைப் பெண்கள். தாய்ப்பாலை விட ரின்பால் நல்லது என்று பிள்ளை பெற்ற தாய்மாரை அவர்கள் நம்பவைத்தார்கள்.

அது சீனி சேர்த்த கெட்டிப்பால். அதன் நிறையில் ஏறக்குறைய பாதி சீனிதான். இனிப்புக் குறைவதற்காக நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்தால் புரதமும் கொழுப்பும் போதாமற் போகும். கொழுப்பு நீக்கிய பாலாக இருந்தால் உயிர்ச்சத்து ஏ குறைந்து குழந்தையின் கண்பார்வையே போய்விடலாம். போதாததற்கு, ஒரே அறையில் பல பேர் வாழும் இடத்தில் போத்தலைக் கொதிநீரில் கழுவ விறகும் இல்லை, சுத்தமான தண்ணீரும் இல்லை. ரின் முடிந்ததும் அடுத்ததை வாங்கப் பணமும் இல்லை. அதற்குள் தாயின் மார்பிலும் பால் வற்றிவிடும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், குடிக்காவிட்டால் நின்றுவிடும்.

1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகம் அவரை உரையாற்ற அழைத்தது. சபையில் இருந்தவர்கள் வர்த்தகப் பிரமுகர்கள். பாலும் கொலையும் என்பதே அவர் தமது உரைக்கு இட்ட தலைப்பு. பொய் சொல்லித் தாய்ப்பாலை நிறுத்தச் செய்வதால் ஏற்படும் மரணங்களைக் கொலையாகவே கருதவேண்டும் என்று அந்தச் சபையிலேயே வாதிட்டார். குற்றத்தை அவர் தாய்மார் மீது சுமத்தவில்லை. வெள்ளை உடுப்பைக் கண்டு நம்பிய தாய் ஏமாற்றப்பட்டவள். அறிந்தே ஏமாற்றியவர்களே பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதே அவரது நிலைப்பாடு. போத்தல் பாலே கூடாது என்பதும் அவர் வாதமல்ல. தாயை இழந்த பிள்ளைக்கும், தாய் கடும் நோயில் கிடக்கும் பிள்ளைக்கும் வேறு பால் வேண்டும் என்பது எந்த வைத்தியரும் அறிந்த விடயம். தேவையில்லாதவளுக்குத் தேவை என்று பொய் சொல்வதையே அவர் எதிர்த்தார்.

1941இன் இறுதியில் ஜப்பானியப் படைகள் மலாயாவுக்குள் நுழைந்தன. அப்போது திரங்கானுவில் கடமையாற்றிய சிசிலி காடு கடந்து சிங்கப்பூருக்குத் தப்பி வந்தார். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அவர் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். பெண் கைதிகளின் தலைவிகளில் ஒருவராகப் பொறுப்பேற்று அவர்களின் உணவையும் சுகாதாரத்தையும் கவனித்தார். 1943இல் ஜப்பானிய இராணுவப் பொலிசார் அவரைக் கொண்டுபோய்ப் பல மாதங்கள் இறக்கும் தறுவாயில் இருந்தவர்களோடு கூட்டில் அடைத்து வைத்தார்கள். வயிற்றுளைவும் பெரிபெரி நோயும் அவரை வாட்டின. யுத்தம் முடிந்தபோது குற்றுயிராகவே மீண்டார்.

மீண்ட பின், அந்தச் சிறைமுகாமில் கண்டதை ஓர் ஆய்வாகவே எழுதினார். முகாமில் பிறந்த குழந்தைகள் 20. தாய்ப்பால் குடித்தவர்கள் 20. உயிர் பிழைத்தவர்களும் 20. அரைவயிற்றுக் கஞ்சி குடித்த கைதித் தாய்மாரின் பால் ஒரு பிள்ளையையும் கைவிடவில்லை. இந்த மூன்று எண்களைப் படித்த இரவு எனக்கு நீண்ட நேரம் தூக்கம் வரவில்லை. இடம்பெயர்வையும் முகாம் வாழ்க்கையையும் வன்னியும் நம் மக்களும் அறிவார்கள். அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றிய தாய்மாரின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

1948இல், புதிதாகத் தோன்றிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு அவர் முதல் தலைவரானார். 1960 முதல் 1964 வரை பெய்ரூட்டில் பேராசிரியராக இருந்தபோது பலஸ்தீன அகதிப் பிள்ளைகளின் சுகாதாரத்துக்காகவும் உழைத்தார். நோய் வந்த பின் மருந்து கொடுப்பதும், நோய் வராமல் அறிவுரை கூறுவதும் ஒரே இடத்தில், தாயின் வீட்டுக்கு அருகில் நடக்கவேண்டும் என்று போகுமிடமெல்லாம் கற்பித்தார். 1981இல் உலக சுகாதார மாநாட்டில் 118 நாடுகளின் ஆதரவோடு, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பது பற்றிய சர்வதேச விதிக்கோவை நிறைவேறியது. தாய்மாருக்கு அவற்றை விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் அதன்படி கூடாது. சிசிலி சிங்கப்பூரில் பேசி 42 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவரது அந்த உரை 1986இல் பினாங்கில் நூலாக வெளிவந்தது. 1992 ஜூலை 13ஆம் திகதி, தமது 98ஆவது வயதில், ஒக்ஸ்போர்டில் அவர் காலமானார்.

இலங்கையும் 1980களிலேயே தனக்கென ஒரு விதிக்கோவையை ஏற்றுக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி நம் நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். இது பெருமைப்படத்தக்க எண். ஆனால் மீதியான 18 சதவீதத்துக்குள்தான் எனது ராத்தாவும் இருந்தார்.

கொக்கிளாயில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக் கிணறு களப்புக்கு அருகில் என்பதால் தண்ணீர் உவர். குடிதண்ணீரைக் கேனில் பிடித்து வைப்பார்கள். பால்மாவின் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு பெட்டி இன்னும் நாலு நாளைக்கு நீடிக்கட்டும் என்று ராத்தா ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி மாவைக் குறைத்துக் கரைத்தார். இதை வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது, நிறை ஏறவில்லை.

அப்போது வீட்டுக்கு வந்த மருத்துவமாது முதலில் ராத்தாவைப் பேசவிட்டார். ஏசவில்லை. ராத்தா அழுதுகொண்டே கரண்டி விடயத்தையும் சொல்லிவிட்டார். வயிற்றோட்டத்துக்கு உடனே வைத்தியசாலைக்கு அனுப்பிய அவர், பிறகு இரண்டு விடயங்களைச் சொல்லிக் கொடுத்தார். ஒன்று, குழந்தையை இரவு பகலாக அடிக்கடி மார்பில் போட்டால் குறைந்த பாலும் மீண்டும் ஊறும். மற்றது, பால்மா கொடுக்கும் வரை அதைச் சரியாகக் கொடுக்கவேண்டும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, சூடு ஆறிவிடும் முன்பே மாவைக் கரைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டுப் பருக்கவேண்டும். பெட்டியில் உள்ள அளவுக்கு ஒரு கரண்டி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. குடித்து மிஞ்சியதை வைத்திருந்து கொடுக்கவே கூடாது. கழுவுவதற்குப் போத்தலை விடச் சிறு கோப்பை இலகு. மூன்று வாரங்களில் ராத்தாவுக்குப் பால் பெருகியது. பால்மாப் பெட்டி மெல்ல மெல்லத் தேவையற்றுப் போனது.

அல்குர்ஆன், பாலூட்டலைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளை வகுத்துத் தருகிறது. அதே வசனத்திலேயே, வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டுவதிலும் குற்றமில்லை என்று வழிவிட்டு, பிள்ளையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் கட்டளையிடுகிறது. நம் நபி (ஸல்) அவர்களும் ஹலீமா (ரலி) அவர்களிடம் பால் குடித்து வளர்ந்தவர்களே. இத்தனை இரக்கமுள்ள மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், ஒரு தாயைக் காதுபட ஏசுவது எப்படித் தகும்?

அன்புத் தோழியரே, நம்மில் சிலர் வைத்தியராவோம், சிலர் தாதியராவோம், இன்ஷா அல்லாஹ் பலர் தாய்மாராவோம். பெற்றோரே, உங்கள் வீட்டிலும் அயலிலும் ஒரு பெண் போத்தலோடு இருப்பதைக் கண்டால், முதலில் அவள் சொல்வதைக் கேளுங்கள். கேட்டதால்தான் சிசிலி வில்லியம்ஸ் ஒரு நோயைக் கண்டுபிடித்தார். கேட்டதால்தான் அந்த மருத்துவமாது எங்கள் மருமகனைக் காப்பாற்றினார். இப்போது அவன் கொக்கிளாய்க் கரையில் நண்டுக்குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். அவனைப் பிடித்துவருவதுதான் ராத்தாவுக்குப் பெரும் வேலை.

- உயர்தர உயிரியல் பிரிவு மாணவி