பைக்கைப் பிரித்துப் படித்தவர்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

மலருக்கு ஒரு பெரியவரின் வரலாறு எழுதச் சொன்னதும் ஆளுக்கொரு தலைவரை எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு மெக்கானிக்கை எடுத்துக்கொண்டேன். கோவை ஜி.டி. நாயுடுதான் அவர். விஞ்ஞானி என்றும் தொழிலதிபர் என்றும் அவரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். சைக்கிள் பைத்தியமான எனக்கு அவர் முதலில் ஒரு பைக்குக்காரர். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி பிறந்தார். ஊர் சூலூர் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமம். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு முடிந்துபோனது. அப்புறம் தோட்டமும் காடும்தான்.

சுமார் இருபது வயதில், வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அது 1912-ம் வருஷத்து ரட்ஜ் வண்டி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ரட்ஜ் கம்பெனி அடிப்படையில் ஒரு சைக்கிள் கம்பெனி. 1911-ல்தான் மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தார்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜின், பெல்ட் மூலமாகப் பின்சக்கரத்துக்குச் சக்தி போகும். இன்றைக்கு நமக்கு அது சாதாரணம். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் மட்டுமே ஓடிய கிராமத்துச் சாலையில், இழுக்க ஆள் இல்லாமல், மிதிக்க ஆள் இல்லாமல் ஒரு வண்டி ஓடினால் எப்படி இருந்திருக்கும்! பார்த்தவர்கள் எல்லோரும் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். ஆச்சரியத்தோடு நிற்காதவர் அவர் ஒருவர்தான்.

ஊரை விட்டுக் கோவைக்குப் போனார். ஒரு ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். டேபிள் துடைத்து, இலை போட்டு, மூன்று வருஷம் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். சரி, வாங்கியவர் என்ன செய்திருக்க வேண்டும்? ஊருக்குள் நாலு சுற்று சுற்றி வந்திருக்க வேண்டும். அவரோ வண்டியை அக்கக்காகப் பிரித்துப் போட்டார். எது எதற்கு என்று பார்த்தார். திரும்ப மாட்டினார். அதிலிருந்து மெக்கானிக் ஆனார்.

இந்த இடத்தில் என் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக 11 கிலோமீட்டர், வர 11 கிலோமீட்டர். பஸ் பாஸ் இருந்தாலும் நான் சைக்கிள்தான். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் இரண்டு நண்பர்களும் சிவகாசியிலிருந்து திருத்தங்கல், ஆமத்தூர் வழியாக விருதுநகர் போய், எண்ணெய் புரோட்டா தின்றுவிட்டுத் திரும்புவோம். வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும். நம் பக்கத்துச் சாலையில் சைக்கிளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று எதிர்க்காற்று, இன்னொன்று சீமைக் கருவேல முள். டயரில் முள் ஏறினால் டியூபைக் கழற்றி, தண்ணீரில் அமுக்கி, குமிழ் வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப் போட வேண்டும். இதெல்லாம் சைக்கிள் கடை அண்ணாச்சியிடம் கற்றது. ஹப்பைப் பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து, கோனை இறுக்கும்போது ஒரு பதம் இருக்கிறது. அதிகம் இறுக்கினால் சக்கரம் சுற்றாது, தளர்த்தினால் ஆடும். பேரிங் பாடத்தை வகுப்பில் நடத்தியபோது எனக்குச் சட்டென்று விளங்கியது, கை முன்னாலேயே அதைப் படித்துவிட்டதால்தான். ரட்ஜ் வண்டியைப் பிரித்துப்போட்டு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த இளைஞருக்குச் சொல்லித்தர ஒரு அண்ணாச்சிகூட இல்லை என்பதை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது.

நாயுடுவின் வாழ்க்கை அங்கிருந்து நேராக மேலே ஏறிவிடவில்லை. திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் இறங்கிச் சம்பாதித்தார். பெரிதாகச் செய்யலாம் என்று பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் அத்தனையையும் இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார். கோவையில் தொழில் நடத்திவந்த ஸ்டேன்ஸ் துரையின் உதவி கிடைத்தது. 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓடியது. ஓட்டியவரும் அவரே. வழியில் நின்றுபோனால் இறங்கிப் பழுது பார்த்தவரும் அவராகத்தான் இருந்திருப்பார், வேறு யார்? அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ். ஆனது. சில வருஷங்களில் ஏராளமான பஸ்களோடு நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் கோவை பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் ஆலையிலிருந்து இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. அதில் பாலசுந்தரம் நாயுடுவோடு இவருக்கும் பங்கு உண்டு. இன்றைக்குக் கோவை மோட்டார், கோவை பம்பு என்று நம் கிணறு வரைக்கும் வந்து நிற்கிற பெயருக்கு அதுதான் விதை. உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவரக் கருவி, மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, திருத்த முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்றார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குச் செய்தார். அதைத் தயாரித்து விற்க அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. கார் அப்படியே நின்றுபோனது. பருத்தி, பப்பாளி என்று விவசாயத்திலும் ஆராய்ச்சி செய்தார். அவருடைய தோட்டத்தை சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்தார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நமக்கு, அதாவது டிப்ளமோ படிக்கிறவர்களுக்கு, முக்கியமானது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது மாமா ஒருத்தர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் ஃபீஸ் கட்டுவதை விட, மூன்று வருஷம் கூலி கொண்டுவந்தால் வீடு நிமிரும் என்பது அவர் கணக்கு. அதற்கு அவர் காட்டிய சாட்சி யார் தெரியுமா? நம் விருதுநகர் காமராஜரும் கோவை ஜி.டி. நாயுடுவும்தான். இரண்டு பேரும் படிக்காமலேயே பெரிய ஆள் ஆனார்களாம். மாமா தப்பான மனிதர் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பை யோசித்துத்தான் சொன்னார். ஆனாலும் அந்தப் பேச்சு என் மனசில் முள் மாதிரி இருந்தது. அதனால்தான் நாயுடுவைப் பற்றித் தேடிப் படித்தேன்.

படித்ததில் எனக்குக் கிடைத்த விஷயம் இது. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், அதே பெயரில் பொறியியல் கல்லூரியும் வருவதற்கு நாயுடுவின் நன்கொடையும் உழைப்பும் காரணம். அப்போதைய சென்னை மாகாண கவர்னர் பெயரைத்தான் அவற்றுக்கு வைத்தார்கள். ஆரம்பப் பள்ளியோடு நின்ற மனிதர் அந்தக் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார். நான்கு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, கைவேலையோடு சேர்த்துச் சொல்லித்தந்தால் இரண்டு வருஷமே போதும் என்பது அவருடைய கட்சி. வெள்ளைக்கார அரசாங்கம் ஏற்கவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. வேறு இடத்துக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும், அவிநாசி ரோட்டில் அந்த நிறுத்தத்துக்கு ஹோப் காலேஜ் என்ற பெயர் இன்னும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். அவர் படிப்பைச் சுருக்கச் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. படிப்பே வேண்டாம் என்று நினைத்தவர் தன் காசில் பாலிடெக்னிக் கட்டுவாரா? ஆறாம் வகுப்போடு நின்ற காமராஜர் முதலமைச்சர் ஆனதும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனதும் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வரத்தான். நம் பக்கத்து அடுப்புகள் அந்தப் படிப்பில்தான் எரிகின்றன. பள்ளிக்கூடம் கிடைக்காதவர்கள், ஒத்துவராதவர்கள் வேறு வழியில் படித்தார்கள். நாயுடு ஓட்டலில் நின்ற மூன்று வருஷமும், பிரித்துப் போட்ட ரட்ஜும்தான் அவருடைய டிப்ளமோ. ஃபீஸ் 300 ரூபாய்.

நமக்கும் மூன்று வருஷம்தான். ஒர்க்‌ஷாப்பில் பெஞ்ச் வைஸும் லேத்தும் நமக்காகக் காத்திருக்கின்றன. ரெக்கார்டு நோட்டை அடுத்தவனைப் பார்த்து எழுதிவிட்டு வெளியே போய்விட்டால், மாமாவின் கணக்கு சரி என்று ஆகிவிடும். கை அழுக்காகிற மாதிரி படித்தால் மாமாவுக்கு நாம் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஜி.டி. நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி காலமானார். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே ரோட்டில் அவர் பெயரில் ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. நம்மில் பாதிப்பேர் எப்படியும் இன்டர்வியூவுக்குக் கோவை போவோம். மேம்பாலத்து மேலே பஸ்ஸில் பறந்துவிடாதீர்கள். கீழே இறங்கி, அரை நாள் ஒதுக்கி, அந்த அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.