மசினகுடிக்கு பைக் கிளப்பும் முன்... யார் இந்த மா. கிருஷ்ணன்?

வெள்ளிக்கிழமை ராத்திரி திருவல்லிக்கேணி மேன்ஷன் தெருக்களில் அடிக்கடி பார்க்கக்கூடிய காட்சிதான் இது. பைக்கின் பின்சீட்டில் இறுக்கிக் கட்டிய டென்ட், ஸ்லீப்பிங் பேக். ஹேண்டில்பாரில் மொபைல். விடிய விடிய ஓட்டினால் மறுநாள் மசினகுடி. 550 கிலோமீட்டருக்கு மேல். கூட யாரும் கிடையாது, அதுதான் கெத்து. மலை, காடு, மண் பாதை, சோலோ கேம்பிங், அப்புறம் ரீல்ஸ்.

இதே திருவல்லிக்கேணியின் பெரிய தெருவில் இருக்கிற இந்து உயர்நிலைப் பள்ளியில் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன் படித்தான். பின்னாளில் அவரும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார், வாழ்நாள் முழுக்க. பைக் இல்லை, மேப் ஆப் இல்லை. பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிய ஒரு கனமான கேமரா மட்டும் தோளில். காட்டில் வாரக்கணக்கில் தங்கிவிட்டு சென்னைக்கு வருவார், எழுதுவார், மறுபடி கிளம்பிவிடுவார்.

பெயர் மா. கிருஷ்ணன். இந்திய வனவிலங்குப் புகைப்படக் கலையின் முன்னோடி. 46 வருடம் நிற்காமல் ஒரே பத்தியை எழுதியவர். மாதச் சம்பளம் இல்லாமலேயே பாதி வாழ்க்கைக்கு மேல் ஓட்டியவர். சென்னைக்காரர்களில் பலருக்கு இவர் யாரென்றே தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை.

அப்பா விட்டுப்போன சாலை

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30-ல், திருநெல்வேலியில். வீட்டில் 8 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. அப்பா அ. மாதவையா. ஆமாம், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அதே மாதவையாதான். உப்பு, கலால் துறையில் வேலை பார்த்தவர், முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு மயிலாப்பூரில் குடியேறினார். சொந்தமாக அச்சகம் வைத்து ‘பஞ்சாமிர்தம்’ என்ற பத்திரிகையும் நடத்தினார்.

அன்றைய மயிலாப்பூரை இன்றைக்குக் கற்பனை செய்வதே கஷ்டம். புதர்க்காடு, பறவைக்கூட்டம், நரி, வெளிமான் எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தார். காட்டைப் பார்க்க எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. வாசலைத் தாண்டினால் போதும்.

1925 அக்டோபர் 22. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டம். பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய மாதவையா, பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் அங்கேயே சரிந்து இறந்துபோனார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. அவரை வளர்க்கும் பொறுப்பை மூத்த அக்கா லட்சுமி ஏற்றுக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, 1927-ல், கிருஷ்ணன் பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அப்பா கடைசியாகப் பேசிய செனட் மாளிகையும் இந்தக் கல்லூரியும் ஒரே கடற்கரைச் சாலையில்தான் இருக்கின்றன. இன்றைக்கும் மெரினா பக்கம் போகிறவர்கள் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

முதல் மலை

கல்லூரியில் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம், தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன். நீலகிரி, பழனி மலை உச்சிகளில் வளரும் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல் எழுதியவர் அவர். ஃபைசன் தம்பதி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி பார்க்கப் போகும்போது கிருஷ்ணனும் கூடவே போனார். திருமதி ஃபைசனிடம் வாட்டர்கலர் ஓவியமும் கற்றுக்கொண்டார். ஒரு செடியை வரைய வேண்டுமென்றால் அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தே ஆக வேண்டும். இலையின் விளிம்பு எப்படி இருக்கிறது, காம்பு எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னாளில் யானைக்கூட்டத்தின் முன்னால் அதே பொறுமையோடு காத்திருந்தவருக்குப் பயிற்சி தொடங்கியது அந்த மலைகளில்தான் என்று தோன்றுகிறது.

1931-ல் பி.ஏ. முடித்தார். பிறகு எம்.ஏ., அதன் பிறகு சட்டம். வக்கீல் வேலை ஒட்டவில்லை. படம் வரைந்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார். 1937-ல் இந்துமதியைக் கல்யாணம் செய்துகொண்டார். டிகிரி மேல டிகிரி இருந்தும் நிலையான வேலை இல்லை. இன்றைக்கும் பல வீடுகளில் கேட்கிற கதைதான்.

சண்டூர் மலைகளில் 7 வருடம்

1942-ல் பெல்லாரிக்குப் பக்கத்தில் இருந்த சண்டூர் என்ற குட்டி சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் என்று ஒரே மனிதர் பல நாற்காலிகளில் மாறி மாறி உட்கார்ந்தார். ஆனா மனசெல்லாம் சுற்றியிருந்த மலைகளில்தான். நேரம் கிடைத்தால் நடக்கக் கிளம்பிவிடுவார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்கள் வளர்த்து, புறாத் தபால் விடும் முயற்சியில்கூட இறங்கினார். வனவிலங்குப் புகைப்படம் பற்றிய அவரது கட்டுரைகள் அச்சில் வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

(சண்டூர் மலைகள் பின்னாளில் இரும்புத்தாதுச் சுரங்கங்களால் செய்திகளில் அடிபட்டன. அந்த அரச குடும்பத்தின் எம்.ஒய். கோர்படே பிறகு கர்நாடக நிதியமைச்சர் ஆனார். கறுப்பு வெள்ளையில் காட்டைப் படம் பிடித்தும் பேர் வாங்கினார்.)

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. வேலை போயிற்று. கிருஷ்ணனுக்கு 37 வயது, குடும்பம் இருக்கிறது. சென்னைக்குத் திரும்பியவர், இனி எங்கேயும் சம்பளத்துக்குச் சேருவதில்லை, எழுத்தும் படமும் மட்டும்தான் பிழைப்பு என்று இறங்கினார். இன்றைக்கு ஃப்ரீலான்சர் என்று இன்ஸ்டா பயோவில் போட்டுக்கொள்வது சுலபம். 1949-ல், அதுவும் அணிலையும் ஆந்தையையும் பற்றி எழுதிப் பிழைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், ஊர் என்ன நினைத்திருக்கும்?

1950-ல் கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தி தொடங்கியது. மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில், அதாவது இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் இருந்த வீட்டில் உட்கார்ந்து வங்காளத்து வாசகர்களுக்காக அவர் எழுதினார். காட்டு யானை ஒரு வாரம் வரும், கொல்லைப்புறத்துப் பல்லி இன்னொரு வாரம் வரும். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

அந்தக் காலத்து ஆஃப்-ரோடு

அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் புலி வேட்டை சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. லைசென்ஸ் இருந்தால் போதும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ ஜீப்புகள் சந்தைக்கு வந்திருந்தன. சாலையே இல்லாத இடத்திலும் ஜீப் ஏறிப் போகும். ராத்திரியில் விளக்கு அடித்தால் மான் கண் கூசி அப்படியே நிற்கும். துப்பாக்கியைத் தூக்க வேண்டியதுதான். இந்தியக் காடுகளில் ஆஃப்-ரோடு வண்டிக்கு இப்படியும் ஒரு கதை உண்டு. சிவிங்கிப்புலி நாட்டிலேயே இல்லை என்று 1952-ல் அறிவிக்கப்பட்டது. புலி வேட்டைக்கு நாடு தழுவிய தடை வர 1970 ஆயிற்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-ல்.

இந்த இரைச்சலுக்கு நடுவில் கிருஷ்ணன் நடந்து போனார். முதுமலையில் கும்கி யானை மேல் ஏறியும் போனார். தனியாக என்று சொன்னாலும் அதில் ஒரு திருத்தம் வேண்டும். காட்டில் அவருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு பழங்குடி வழிகாட்டி போவார், இல்லையென்றால் ஒரு மாவுத்தர் இருப்பார். காட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான். நகரத்து நண்பர்கள் பட்டாளம் மட்டும் கிடையாது.

யானையைக் கிட்டப் போய்ப் படம் எடுப்பது என்றால் என்ன? யானைக்குப் பார்வை சுமார்தான், மோப்பம் ரொம்பக் கூர்மை. காற்று ஆளின் பக்கமிருந்து அதன் பக்கம் திரும்பினால் கதை முடிந்தது. அதனால் கிட்டப் போவதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்க வேண்டும். சருகு மிதிபடும் சத்தம் கேட்கக் கூடாது. கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, தனி ஆண் யானைக்கு மதம் பிடித்திருக்கிறதா, திரும்பி ஓடினால் வழி எது, எல்லாம் முன்னாலேயே மனசில் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக அமைந்து கேமராவைத் தூக்கினால், ஃபிலிமில் இருப்பது எண்ணி வைத்த சில படங்கள்தான். ஃபோகஸ் கையால். எடுத்தது சரியா என்பது சென்னைக்கு வந்து கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தக் கேமராவுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. உடம்பு ஒரு கேமராவுடையது, லென்ஸ் இன்னொன்றுடையது, மீதி அவரே கோத்தது. பார்க்க நன்றாக இருந்ததாக யாரும் சொன்னதில்லை. கலர் ஃபிலிம் பரவலான பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. அந்தப் படங்களில் யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். ‘ஐ இன் த ஜங்கிள்’ என்ற பெயரில் 2006-ல் அவை தொகுப்பாக வந்தன. எந்த ஃபில்டரும் தர முடியாத அழுத்தம் அவற்றில் இருக்கிறது.

கணக்கெடுக்கப் போன தனி ஆள்

1968-ல் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. வேலை: தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நேரில் பார்த்து எழுதுவது. 56 வயதில் ஒவ்வொரு காடாகப் போனார். யானை, காட்டெருமை, கடமான், செந்நாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதியதை பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் புத்தகமாக வெளியிட்டது. அவர் பெயருக்குப் பின்னால் விலங்கியல் பட்டம் கிடையாது. பல்கலைக்கழகப் பதவி கிடையாது. பத்மஸ்ரீயும் வந்தது. இந்திய வனவிலங்கு வாரியத்திலும் நீண்ட காலம் உறுப்பினராக இருந்தார்.

அரசுக் குழுவில் இருந்ததால் அடங்கிப் போனாரா? இல்லை. காட்டை அழித்துத் தைலமரம் நடுவதும், நகரச் சாலைகளில் நம் மரங்களை விட்டுவிட்டு வெளிநாட்டு அழகு மரங்களை வைப்பதும் அவருக்குப் பிடிக்காது. ஒரு நாடு என்பது அதன் செடியும் விலங்கும் மண்ணும் சேர்ந்ததுதான், அவை போனால் தேசபக்தி வெறும் சத்தம் என்பது அவர் விடாமல் எழுதி வந்த கருத்து. இந்த விஷயத்தில் சில சமயம் பிடிவாதத்தின் எல்லைக்கே போனார். அழகுக்காக நட்ட ஒரு பூமரத்தைக்கூட மன்னிக்காத மனிதரோடு பழகுவது சுலபமாக இருந்திருக்காது.

தமிழில் ஏன் தெரியவில்லை?

அப்பா தமிழுக்காகப் பேசிய மேடையிலேயே உயிரை விட்டார். மகன் புகழ் பெற்றது ஆங்கிலத்தில். இது கொஞ்சம் உறுத்தும். ஆனா அவர் தமிழை விட்டுவிடவில்லை. கலைக்களஞ்சியத்துக்கு எழுதினார், வேடந்தாங்கலைப் பற்றி எழுதினார், ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதினார். அவரது தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்றும், பெருமாள்முருகன் ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ என்றும் தொகுத்திருக்கிறார்கள். இரண்டும் சின்னப் புத்தகங்கள். டேங்க் பேக்கில் அடங்கிவிடும்.

இன்றைக்கு அதே காட்டில்

கிருஷ்ணன் நடந்த முதுமலை இப்போது புலிகள் காப்பகம். பந்திப்பூர் வழியாகப் போகும் மைசூர் – ஊட்டி சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவது, இறங்கி நடப்பது, செல்ஃபி எடுப்பது எதற்கும் அனுமதி இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் பைக் இறக்குவதும் டென்ட் அடிப்பதும் குற்றம். அனுமதி எல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி என்று நினைப்பவர்கள் 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி காட்டுத்தீயை நினைத்துக்கொள்ளலாம். மலையேறப் போனவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். இன்னொரு காரணம் மனிதர்களைப் பற்றியதே இல்லை. வறண்ட மாதங்களில் யானைக்கூட்டம் தண்ணீருக்காக ராத்திரியிலும் சாலையைக் கடக்கும். ஒரு சைலன்சர் சத்தம் போதும், குட்டியோடு வந்த கூட்டம் திரும்பிப் போய்விடும்.

1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ‘குளோபல் 500’ கௌரவம் கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. அப்போதும் பத்தி நிற்கவில்லை. 83 வயதிலும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். 1996 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ வழக்கம்போல வந்திருந்தது. அதே நாளில் கிருஷ்ணன் சென்னையில் காலமானார்.